அகினாயா கொடுத்த வெற்றிலை

அகினாயா ஒரு பயந்தாங்கொள்ளி. நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவளே அதை வெட்கப்படாமல் சொல்லிக்கொள்வாள். வானம் லேசாக உறுமினாலும் வீட்டு ஏணியை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அறுத்த கோழியின் பித்தப்பை நிறம் சரியில்லை என்று பூசாரி முகத்தைச் சுளித்தால் மூன்று நாளைக்கு வயலில் கால் வைக்க மாட்டாள். அவள் கணவன் புகோங் ஊர் கேட்கக் கேலி செய்வான்.

"ஒரு கோழியக் கட்டியிருந்தா முட்டையாவது போட்டிருக்கும். இவ திடுக்கிடறதோட சரி."

"கோழி ஒனக்குச் சோறாக்கிப் போடுமா? போட்டா போய்க் கட்டிக்கோ" என்பாள் அகினாயா. வாய்க்கு மட்டும் பயம் கிடையாது.

கியாங்கன் ஊருக்கு மேற்கே இரண்டு மலை தாண்டிப் பத்து வீடுகள் கொண்ட குக்கிராமம் எங்களுடையது. அகினாயா பிறந்தது, புகோங்கைக் கட்டிக்கொண்டது, இரண்டு பிள்ளை பெற்று ஒன்றைப் பறிகொடுத்தது எல்லாம் அங்கேதான். மிஞ்சியவள் டும்யா, அப்போது அவளுக்கு நாலு வயது. மலைச்சரிவில் மூன்று அடுக்குப் படி வயலும், ஒரு கிழங்குக் காடும், நாலு மரக்கால் மேல் நிற்கும் வீடும் இருந்தன. நெசவில் அவளுக்கு நல்ல கை. இதற்கு மேல் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும், ஜப்பான்காரன் எங்கள் மலையில் ஏறாமல் இருந்திருந்தால்.

முதல் இரண்டு மூன்று வருடம் அவர்கள் கீழே சமவெளியில்தான் கிடந்தார்கள். அமெரிக்கன் கடல் வழியாகத் திரும்பி வந்து துரத்தத் துரத்த, ஒரு பட்டாளமே எங்கள் மலைக்குள் வந்து அடைந்துகொண்டது. காய்ச்சல்காரர்கள், கால் அழுகியவர்கள், எலும்பெடுத்த குதிரைகள். குதிரைகளை ஒரே மாதத்தில் தின்று தீர்த்தார்கள். பிறகு எங்கள் பன்றி, எங்கள் நாய், எங்கள் நெல். ஏப்ரலில் ஒரு நாள் ஊர் ஆண்களைக் கயிற்றில் கட்டி அரிசி மூட்டை சுமக்க ஓட்டிப் போனார்கள். புகோங்கும் போனான். திரும்பி வந்தவன் ஒரே ஒருத்தன். கணவாய் ஏற்றத்தில் புகோங்குக்குக் காய்ச்சல் கண்டு விழுந்தான் என்றும், மூட்டையை மட்டும் அவிழ்த்து அடுத்தவன் முதுகில் ஏற்றிவிட்டு நடந்தார்கள் என்றும் அவன் சொன்னான். "ஆளு?" என்று அகினாயா கேட்டதற்கு அவன் கணவாய்ப் பக்கம் கையைக் காட்டினான். உடலில்லாமல் சாவுச் சடங்கு எப்படிச் செய்வது என்று பூசாரிக்கும் தெரியவில்லை.

அமெரிக்க விமானங்கள் பகலில் வந்து மலைமுகட்டைக் கொளுத்தின. தண்ணீர் மாதிரி ஓடி ஓடி எரியும் ஒரு தீயைப் போட்டார்கள். ஜப்பான்காரன் இருக்கும் இடம் என்று பார்த்துத்தான் போட்டார்களாம். எங்களில் பதினாலு பேர் வெந்து செத்தார்கள். எங்களுக்காகச் சண்டை போட வந்தவர்கள் எங்களைப் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வயிற்றெரிச்சல்.

அறுவடைக்கு ஆளில்லாமல் நெல் வயலிலேயே அழுகியது. ஊரை விட்டுவிட்டுக் கிழங்குக் காட்டுக்கு மேலே, மரப்பெரணிப் புதர் மூடிய ஒரு குகைக்குள் பன்னிரண்டு பேர் ஒளிந்துகொண்டார்கள். அகினாயா, டும்யா, புகோங்கின் அக்கா இங்காய், மற்றதெல்லாம் கிழடும் குழந்தையும். இங்காயிடம்தான் விதைநெல் இருந்தது, இருபது கட்டு. அதன் மேலேயே பாய் போட்டுப் படுப்பாள். பகலில் அடுப்பு மூட்டக் கூடாது. கூவிக் காட்டிக் கொடுத்துவிடும் என்று சேவல்களை எல்லாம் முதல் வாரமே அறுத்தாயிற்று. ஆனால் டும்யாவுக்கு இருமல் வந்துவிட்டது. சேவலை அறுக்கலாம், பிள்ளையின் இருமலை என்ன செய்வது? ஒவ்வொரு முறை அவள் இருமும்போதும் அகினாயா இடுப்புத்துணியை அந்தச் சின்ன வாயில் வைத்து அமுக்குவாள். பிள்ளை கண்ணில் நீர் முட்ட அம்மாவைப் பார்க்கும். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சாப்பாட்டுக்குக் கீழே இருந்த கிழங்குக் காடு ஒன்றுதான் கதி. விடிந்ததும் ஒருத்தி இறங்கிப் போய்ச் சர்க்கரைவள்ளி தோண்டிக்கொண்டு வர வேண்டும். நடக்கத் தெம்பிருந்தவள் அகினாயா மட்டும்தான் என்பதால் தினமும் அவளே போனாள். போகும்போதெல்லாம் பத்தடிக்கு ஒரு முறை நின்று காது கொடுப்பாள். நாணல் அசைந்தால் உட்கார்ந்துவிடுவாள், எழுந்திருக்கக் கால் வராது. இருந்தும் ஒரு நாள்கூடப் போகாமல் இருந்ததில்லை. இதற்குப் பெயர் பயந்தாங்கொள்ளித்தனம் என்றால் தைரியம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டு நடுவில் ஒரு காலை. மழை விட்டிருந்தது. கூடை பாதி நிறைந்ததும் மூச்சு வாங்கக் காட்டுக் குடிலின் நிழலில் உட்கார்ந்தாள். சுருக்குப்பையைத் திறந்து ஒரு பாக்கை இரண்டாகப் பிளந்தாள். பாதியை வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது நாணலை விலக்கிக்கொண்டு ஒரு ஜப்பான்காரன் வந்தான்.

ஆள் என்று சொல்வதற்கு அதிகம் இல்லை. சட்டைக்குள் விலா எலும்புதான் இருந்தது. துப்பாக்கியைக் கைத்தடியாக ஊன்றி வந்தான். ஒரு காலில் செருப்பில்லை. கணுக்காலில் புண் நாறியது. கத்தினால் குகை வரைக்கும் கேட்கும், குகையில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்ற ஒரே நினைப்பில் அவள் கத்தாமல் இருந்தாள். அவன் தள்ளாடி வந்து அவளுக்கு நேர் எதிரே, நாலு முழம் தள்ளி, பொத்தென்று உட்கார்ந்தான்.

நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. உட்கார்ந்துவிட்டான். எங்கள் மலையில் ஒருத்தர் வந்து எதிரே உட்கார்ந்தால் பேச்சுக்கு முன்னால் கை வெற்றிலைப் பைக்குப் போகும். பால்குடி மறந்த நாளிலிருந்து பழகிய பழக்கம். அகினாயாவுக்குப் பயத்தில் தலை முழுக்க மரத்துப் போயிருந்தது. கை மட்டும் மரத்துப் போகவில்லை. அது தன்பாட்டுக்கு மிச்சப் பாதிப் பாக்கை எடுத்தது, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியது, மடித்தது, நீட்டியது. அவன் இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டு, தின்பண்டம் என்று நினைத்து மென்று விழுங்கினான்.

அவன் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது.

வெற்றிலை வாங்கியவன் விருந்தாளி. விருந்தாளிக்கு ஒரு கீறல் விழுந்தாலும் கொடுத்த வீட்டை முன்னோர் சும்மா விட மாட்டார்கள். நெஞ்சில் சளி கட்டும், ரத்தமாக இருமி ஒவ்வொருவராகப் போவார்கள். பகையாளியோடு வெற்றிலை போடுவதோ அதைவிடப் பெரிய தீட்டு. புகோங்கை வழியில் போட்டுவிட்டுப் போனவர்களில் ஒருவனுக்கு, அவள் கையாலேயே. வீட்டில் ஏற்கெனவே பிள்ளை இருமிக்கொண்டிருக்கிறது. "ஐயோ, டும்யா" என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

அவனுக்குத் தலை சுற்றிக் கண் செருகியது. கொஞ்ச நேரம் கழித்து நெஞ்சைத் தொட்டு, "இசோபே" என்றான். சமவெளிக்காரர்கள் பாஷை அவனுக்கும் அரைகுறை, அவளுக்கும் அரைகுறை.

"நான் ஒண்ணு. ஒரே ஆளு. அங்க போக மாட்டேன்." மலைமுகட்டைக் காட்டினான். "காய்ச்சல்காரன், நடக்க முடியாதவன், எல்லாருக்கும் ஒரு குண்டு கையில குடுத்து, நீயே வெடிச்சுக்கோன்னு சொல்றாங்க. எனக்கும் குடுத்தாங்க. நான் ஓடிட்டேன்."

அவள் ஒரு பச்சைக் கிழங்கை உருட்டிவிட்டாள். மண்ணோடு தின்றான். இனி அவள் எப்படிக் குகைக்குப் போவது? எழுந்தால் பின்னால் வருவான். வந்தால் பன்னிரண்டு பேரும், இருபது கட்டு விதைநெல்லும் அவன் கண்ணில் பட்டுவிடும். வயிற்றுக்கில்லாதவன் ஒருத்தன் நெல் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பானா? அவள் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் பின்வாக் வந்தான். புகோங்கின் தம்பி. அமெரிக்கன் கொடுத்த துப்பாக்கியோடு ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு காட்டுக்குள் திரிந்தவன். இரண்டு நாளைக்கு ஒரு முறை கிழங்கு வாங்க வருவான்.

"அண்ணி, அசையாதீங்க" என்று நாணலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

அகினாயா அசைந்தாள். எழுந்து ஜப்பான்காரனுக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"தள்ளுங்க."

"முடியாது."

"பின்னாடி இருக்கிறது யாருன்னு தெரியுதுல்ல?"

"தெரியுது. என் வெத்தலைய வாயில போட்டுட்டான்."

பின்வாக்குக்குச் சட்டென்று விளங்கவில்லை. "திருடினானா?"

"நான்தான் குடுத்தேன்."

"குடுத்தீங்க." அவன் துப்பாக்கியைத் தாழ்த்தாமலே தலையை ஆட்டினான். "நல்லது. சுண்ணாம்பு போதுமான்னு கேட்டுக் குடுத்தீங்களா?"

"கிண்டல் பண்ணாதடா. கை தானாப் போயிடுச்சு."

"கை தானாப் போச்சாம்! எங்க அண்ணன் போய் நாலு மாசம் ஆவுது. ஒரு எலும்பு கெடைக்கல பொதைக்க. இவங்க உக்காந்து கொன்னவன் கூட்டாளிக்கு வெத்தல மடிக்கிறாங்க." அவன் குரல் உடைந்தது. "அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க அண்ணி. பாக்காதீங்க. நான் குடுக்கலயே, என்னை ஒண்ணும் பண்ணாது."

"பண்ணாதா? பூசாரி சடங்குல கூப்பிடுறப்ப உன் பேரு, என் பேரு, உங்க அண்ணன் பேரு, எல்லாத்தையும் ஒரே மூச்சுலதான் கூப்பிடறாரு. ஒரே வீடுடா. டும்யா வேற அங்க இருமிக்கிட்டுக் கெடக்கா. நீ சுட்டா அவளைத்தான் புடிக்கும்."

பிள்ளை பெயரைச் சொன்னதும் பின்வாக் துப்பாக்கியை இறக்கினான். யாருக்கும் பயப்படாதவன் என்று பெயர் எடுத்தவன்தான். ஆனால் முன்னோர் விஷயத்தில் எங்கள் மலையில் பயப்படாதவன் என்று ஒருத்தனும் கிடையாது.

"சரி, புடிச்சு வெச்சுச் சோறு போட எனக்கு வக்கில்ல. உங்க விருந்தாளிய நீங்களே கட்டிக்கிட்டு அழுவுங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. நாங்க எட்டுப் பேரும் கீழ ஆத்தங்கரையில, ரெட்டைப் பாறைக்கு மேல உக்காந்திருக்கோம். அந்தப் பக்கம் எவன் எறங்கினாலும் சுடுவோம். மூஞ்சியப் பாத்துட்டுச் சுட மாட்டோம். அவன் கிட்ட சொல்லி வைங்க."

அவன் போன பிறகு அகினாயா சொல்லி வைத்தாள். ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினாள். "அங்க போகாத. எங்க ஆளுங்க. சாவு."

இசோபே அதே மாதிரி கையைக் காட்டி, தன் கழுத்தில் விரலை இழுத்து, "அங்க. சாவு" என்றான். நன்றாகப் புரிந்துகொண்டதற்கு அடையாளமாக இரண்டு முறை தலையாட்டினான்.

அன்று அவள் நேராக மேலே ஏறவில்லை. அவன் கண் செருகித் தூங்கும் வரை காத்திருந்து, ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் இறங்கி, ஓடையில் நடந்து, இரண்டு மலைமடிப்பைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர உச்சிப் பொழுதாகிவிட்டது. இங்காய் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கெழங்கு தோண்டப் போனியா, கெழங்கு நட்டு வெளைய வெச்சுட்டு வர்றியா?"

"வழுக்குது அக்கா" என்றாள் அகினாயா. கூடையை அவள் பக்கம் தள்ளினாள். உள்ளதைச் சொன்னால் குகையே ஒப்பாரி வைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இப்படியே நாலு நாள். காலையில் இறங்கிப் போவாள். அவன் குடிலில் காத்திருப்பான். அவன் பங்குக்கு நாலு கிழங்கு, புண்ணுக்கு மூலிகைச் சாறு, பிறகு மலையைச் சுற்றிக்கொண்டு குகை. இரண்டாம் நாள் போனபோது கிழங்குக் காட்டுக்குக் கீழே அவளுடைய வயலின் உடைந்த கரையை யாரோ சேறு வைத்து அடைத்திருந்தார்கள். இசோபேயின் கை முழங்கை வரை சேறு.

"நானும் நெல்லு. அப்பா நெல்லு, தாத்தா நெல்லு" என்றான் அவன். கரை அவன் ஊர்ப் பாணியில், எங்களுடையதைவிடச் சரிவாக இருந்தது. அகினாயாவுக்குக் கோபம் வந்தது. புகோங் கட்டிய கரையில் இவன் கையா? உதைத்து உடைத்துவிடலாமா என்று பார்த்தாள். தண்ணீர் ஒழுகாமல் நின்றிருந்ததால் விட்டுவிட்டாள்.

அவனிடம் அவளுக்கு இரக்கமெல்லாம் இல்லை. இதைப் பின்னாளில் அவளே அடித்துச் சொல்லியிருக்கிறாள். பயம் ஒன்றுதான் இருந்தது. அவன் செத்துவிடக் கூடாது, அவன் தொலைந்துவிடவும் கூடாது. அவன் நன்றாக நடக்கத் தொடங்கினால் பயம். காய்ச்சலில் முனகினால் பயம். தூக்கத்திலும் நாணல் விலகிக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் அது நடந்தது. அவள் தோண்டிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து, வெகு மெல்லியதாக, ஒரு இருமல். நாய்க்குட்டி குரைப்பது மாதிரி மூன்று முறை. இங்காய் துணி வைக்கத் தவறிவிட்டாள் போலிருக்கிறது. அகினாயாவின் கை நின்றது. இசோபே தலையைத் தூக்கி மரப்பெரணி மறைத்த பாறையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மறுபடியும் பாறையைப் பார்த்தான்.

"சின்னது" என்று கையால் உயரம் காட்டினான். "உங்களுது?"

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தெரிந்துவிட்டது. நாலு நாள் ஓடையில் நடந்ததெல்லாம் வீண். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஏறி வருவான், அல்லது அவன் ஆட்கள் அவனைப் பிடித்து இரண்டு அறை விட்டால் சொல்லிவிடுவான். அன்று முழுக்க டும்யாவை மடியிலிருந்து இறக்கவே இல்லை. முன்னோர் கோபம் வந்தால் வரட்டும். அது வர நாளாகும், ஒரு பன்றி அறுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம். ஜப்பான்காரன் வர நாளாகாது. நாளைக் காலை கிழங்கு வாங்கப் பின்வாக் வருவான். அவன் சொன்னபடியே அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வது என்று முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலை அந்த முடிவோடுதான் இறங்கினாள். அவனுக்கென்று கிழங்கு தோண்ட வேண்டியதில்லை என்று சின்னக் கூடையை எடுத்து வந்திருந்தாள். காட்டின் ஓரம் வந்ததும் பேச்சுக்குரல் கேட்டது. நாணலுக்குள் குப்புற விழுந்தாள்.

ஐந்து ஜப்பான்காரர்கள். இவர்களிடம் துப்பாக்கி துப்பாக்கியாகவே இருந்தது. கிழங்குக் கொடியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். புதிதாகத் தோண்டிய குழிகளைத் துப்பாக்கி முனையால் குத்தி ஒருவனுக்கு ஒருவன் காட்டிக்கொண்டார்கள். யாரோ தோண்டுகிறார்கள் என்றால் யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள். குடில் காலியாக இருந்தது. இசோபே எங்கேயோ ஒளிந்துகொண்டுவிட்டான். அவர்கள் கையில் அகப்பட்டால் ஓடிப்போனவனுக்கு என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

அப்போது மேலே டும்யா இருமினாள்.

தலைவன் மாதிரி இருந்தவன் கையைத் தூக்கினான். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். இன்னொரு இருமல் வந்தால் போதும், திசை தெரிந்துவிடும். அகினாயா மண்ணைக் கடித்துக்கொண்டாள். கத்திக்கொண்டு வேறு பக்கம் ஓடலாம், என்னைத் துரத்துவார்கள் என்று நினைத்தாள். நினைக்கத்தான் முடிந்தது. கால் இரண்டும் அவளுடையதாக இல்லை. வாழ்நாள் முழுக்க அவள் தன்னை மன்னிக்காதது அந்தக் கால்களைத்தான்.

காட்டின் மறுபக்கத்தில் நாணல் சலசலத்தது. இசோபே வெளியே வந்தான். இருமிக்கொண்டே வந்தான், வேண்டுமென்றே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பெரிதாக. தலைவன் ஓடிப் போய் அவனைக் கன்னத்தில் அறைந்தான். இசோபே விழுந்து எழுந்து விறைப்பாக நின்று, குனிந்து வணங்கி, என்னவோ வேகமாகச் சொன்னான். பாஷை புரியாவிட்டாலும் கை புரிந்தது. வாயில் சோறு போடுவது போல் காட்டினான். மூட்டை மூட்டையாக என்று கையை அகல விரித்தான். பிறகு திசையைக் காட்டினான்.

ஆற்றுப் பக்கம்.

அகினாயா தன் கண்ணை நம்பவில்லை. அங்கே காத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். கழுத்தில் விரலை இழுத்துக் காட்டி, அவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தவள் அவள்தான். தலைவன் அவன் முதுகில் துப்பாக்கியால் குத்தி முன்னே நடக்கச் சொன்னான். இசோபே முன்னால் நடந்தான். காலை இழுத்து இழுத்து, ஆனால் நிற்காமல். ஆறு பேரும் சரிவில் இறங்கி மறைந்தார்கள்.

அவன் மனதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும் என்று எங்கள் ஊரில் பிற்பாடு சிலர் வாதம் செய்தார்கள். காய்ச்சலில் மறந்திருப்பான், திசை தடுமாறியிருப்பான் என்றார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கே பற்றிக்கொண்டு வரும். அகினாயா அந்தப் பேச்சுக்குப் பதிலே சொன்னதில்லை.

கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தம். முதலில் ஒன்று, பிறகு சடசடவென்று. பிறகு பறவைகூடக் கத்தவில்லை.

அந்தக் காலையில் போர் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. எங்கோ ஒரு அறையில் அவர்கள் ராஜா வானொலியில் பேசி முடித்துவிட்டாராம். சண்டையை முடிக்கத் தெரிந்தவர்களுக்கு அதை மலைக்குள் சொல்லி அனுப்பத் தெரியவில்லை. சண்டை முடிந்தது என்று காகிதம் போடுகிற விமானம் எங்கள் பக்கம் வந்தது அதற்கும் பிறகுதான். அவர்கள் தளபதி கியாங்கனுக்கு இறங்கி வந்து சரணடைந்தது செப்டம்பரில்.

பின்வாக் மேலே ஓடி வந்தபோது அகினாயா கிழங்குக் காட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவன் முகம் பூரித்திருந்தது.

"ஆறு பேரு, அண்ணி! அண்ணனுக்கு ஆறு பேரு! ஒருத்தன் தப்பல. நம்ம பக்கம் ஒரு கீறல் இல்ல. நேரா வந்து மாட்டினானுங்க, யாரோ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்த மாதிரி!"

"மொதல்ல வந்தவன யாரு சுட்டது?"

"நான்தான். வேற எவனை விடுவேன்? துப்பாக்கியக்கூடத் தூக்கல அவன். பாறைகிட்ட வந்ததும் நின்னு அண்ணாந்து பாத்தான். வெயில் கண்ணுல அடிச்சதுல மூஞ்சி தெரியல, ஆனா..."

அவன் பேச்சு பாதியில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். பிறகு காலியாகக் கிடந்த குடிலைப் பார்த்தான்.

"அண்ணி. உங்க ஆளு எங்க?"

"டும்யா இருமினா. அவங்க மேல பாத்தாங்க. அவன் ஒளிஞ்சுதான் இருந்தான், வெளிய வந்தான். ஆத்துப் பக்கம் வழி தவறிக் கூட்டிட்டு வரல பின்வாக். நீ இருக்கேன்னு தெரிஞ்சு கூட்டிட்டு வந்தான்."

பின்வாக் அப்படியே கிழங்குக் கொடி மேல் உட்கார்ந்தான். துப்பாக்கி மடியிலிருந்து நழுவி விழுந்தது. அவன் பயந்து அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான்... மூஞ்சியப் பாக்கல அண்ணி. சத்தியமாப் பாக்கல. இப்ப நமக்கு என்ன ஆவும்?"

ஆயுள் முழுக்க இந்தக் கேள்வியை ஊரில் ஒவ்வொருத்தரிடமும் கேட்டுக்கொண்டிருந்தவள் அகினாயா. இன்றைக்கு அதை அவளிடம் கேட்கிறார்கள்.

"எனக்குத் தெரியாது. எந்திரி. போய்த் தூக்கிட்டு வா."

"எங்க?"

"மேல."

இரண்டு பேரும் ஆற்றுக்கு இறங்கினார்கள். மற்ற ஐந்து பேரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இசோபேயின் முகத்து ரத்தத்தை ஆற்றுத் தண்ணீரில் அவளே கழுவினாள். பின்வாக் அவனை முதுகில் தூக்கிக்கொண்டான். ஒரு நெல்லுக்கட்டு கனம்கூட இல்லை என்று பிறகு சொன்னான். இந்த முறை அவள் ஓடையில் சுற்றவில்லை. கிழங்குக் காட்டின் நடுவே, பட்டப்பகலில், நேராகக் குகைக்கு ஏறினார்கள்.

குகையிலிருந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். இங்காய் டும்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

"அடப் பாவிங்களா, யாரடா தூக்கிட்டு வர்றீங்க? ஜப்பான்காரனா? இங்க எதுக்கு?"

பின்வாக் முதுகுச் சுமையைப் பாறை மேல் மெல்ல இறக்கினான். புகோங்குக்கென்று அகினாயா நெய்து, உடல் கிடைக்காமல் மடித்தே வைத்திருந்த சாவுப் போர்வை உள்ளே விதைநெல்லுக்குப் பக்கத்தில் இருந்தது.

"நம்ம வீட்டு விருந்தாளி, அக்கா" என்றாள் அகினாயா. "நாமதான் கொன்னுட்டோம். உங்க தம்பி போர்வைய எடுத்துட்டு வாங்க."